அக்காவின் விரலுக்கு ஒரு சென்சர்

பதுளை டவுனில் எனக்குச் சின்னதாய் ஒரு கடை இருக்கிறது. கேமரா பூட்டுவது, கள்வர் அலாரம் வைப்பது, இடையில் போன் திருத்துவது. ஹாலிஎல வரைக்கும் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சர் வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் நாடக டீச்சரும் என் கடைப் படி ஏறினார். மற்றபடி எனக்கும் நாடகத்துக்கும் வெகுதூரம்.

டீச்சர் கேட்டது இதுதான். மேடையில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்து எடுப்பார். காம்பு ஒடிகிற ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்க வேண்டும். கை வேகமாகப் போகப் போக, ஒடிகிற சத்தமெல்லாம் சேர்ந்து மழையாக மாற வேண்டும். முதலே பதிவுசெய்து வைத்த ஒலிக்கு அவர் கையை அசைக்கக் கூடாது. அவர் கைதான் ஒலியை எழுப்ப வேண்டும். நடிகை யாரையும் டீச்சர் தேடவில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"எங்க வேலைய எங்க ஆளுங்களுக்கே மேடையில காட்டணும்னு சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றார் அக்கா, முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில். மேடையில் நாலு தேயிலைச் செடிகள் சாக்கில் வேரோடு நின்றன. அந்தத் தோட்டத்திலிருந்தே கேட்டு வாங்கி வந்தவை.

கையில் இருப்பதைக் கொண்டுதானே தொடங்க முடியும். அலாரத்துக்கு வைக்கிற, உடம்புச் சூட்டைக் கண்டு விழிக்கிற சென்சரை முதலில் மாட்டினேன். மேடையில் ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரிந்தது. அவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. டீச்சர் குறுக்கே போனாலும் காம்பு ஒடிகிற சத்தம் வந்தது. அடுத்து, தூரத்தை அளக்கும் சென்சர். செடியின் ஈரம் படாமல் அக்கா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அசைந்ததற்கெல்லாம் அது ஓர் அர்த்தம் சொன்னது. பிறகு உடம்பின் அசைவைப் படிக்கும் வீடியோ கேம் கேமரா ஒன்றைக் கொழும்பிலிருந்து பழையதாக வாங்கிவந்தேன். செடி இடுப்பளவு நின்றதால் கை இருக்கிற இடமே அதற்குத் தெரியவில்லை. முதுகில் தொங்கிய கொழுந்துப் பையை இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொண்டது. மூன்று ஞாயிறு இப்படியே போனது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் என்னோடு நிம்மதியாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

நாலாவது, மணிக்கட்டில் கட்டும் அசைவுச் சென்சர். அதைக் கடையிலேயே என் கையில் கட்டிச் சரிபார்த்தேன். காற்றில் கொழுந்து எடுத்தேன். அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்துக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குத் தெரியாத கையா என்ற திமிர் எனக்கு இருந்தது.

அக்காவின் கையில் கட்டினால் சத்தமே இல்லை. எடுத்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் பையில் எறியும்போது மட்டும் ஒரு முறை ஒடிந்தது.

"அக்கா, கைய கொஞ்சம் வீசிச் செய்யலாமா?" என்று கேட்டார் டீச்சர்.

அக்கா வீசிப் பார்த்தார். பார்க்க எனக்கே கூசியது. நான் கடையில் செய்தது அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

"இப்படி வீசினா செடிதாங்க ஒடியும்" என்றார் அக்கா. "எங்க லயத்துப் பொம்பளைங்க வந்து பாப்பாங்க. இவ எந்தக் காலத்துல மலைக்குப் போனான்னு சிரிப்பாங்க. எனக்கு வேணாங்க இது."

நான் மேடையில் ஏறி அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். மணிக்கட்டு கிட்டத்தட்ட அசையவே இல்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் எல்லாம் செய்தன. அம்மா முப்பது வருடம் செய்த வேலை. மலைக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் நான் வாளியை நீட்டிவிட்டு ஓடிவந்திருக்கிறேன். அந்த விரல்களை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அக்காவின் ஆள்காட்டி விரலில் பழைய சேலைத் துண்டு சுற்றியிருந்தது. காம்பு கிழிக்காமல் இருக்க எல்லாரும் சுற்றுவதுதான். நகத்தளவு சென்சர் ஒன்றை எடுத்து அந்தத் துணிக்கு அடியில் வைத்தேன். மெல்லிய வயரைச் சட்டைக் கைக்குள்ளால் இடுப்பு பேட்டரிக்கு இறக்கினேன். அக்கா கையை வைத்தார். ஒடிந்தது. கை ஓடியது. மண்டபத்தின் தகரக் கூரையில் நிஜமாகவே மழை இறங்கியது போல இருந்தது. டீச்சர் அழுதுவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "நிமிசத்துக்கு எத்தனை தடவை ஒடிக்கிறீங்கன்னு அப்படியே சொல்லுது பாருங்கக்கா!"

அக்காவின் முகம் மாறியது. "இந்தக் கணக்கு யாருகிட்ட இருக்கும் தம்பி?"

"என்கிட்டதான்."

"தொரை கேட்டா?"

"தோட்டத்து மேனேஜரு இத எதுக்குக் கேக்கப் போறாரு?"

"இப்பவே கிலோ கொறஞ்சா அரைப் பேர் போட்டு பாதிச் சம்பளந்தான் தர்றாங்க. இவளால இவ்வளவு முடியுது, மத்தவளுக்கு ஏன் முடியலேன்னு கேட்டா? எங்க மலையில வயசானவுக இருக்காங்க, கைப்புள்ளக்காரி இருக்கா. என் கைய வச்சு அவுகளுக்கு அளவு போட்டா, நான் எந்த மூஞ்சியோட லயத்துல இருப்பேன்?"

இந்த அக்காவுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். ஆனாலும் இருந்த பதிவை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். இனி எதையும் சேமிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மறுபடி செடிப் பக்கம் போனார்.

இவ்வளவு கேட்டும் நாங்கள் செய்த வேலையைப் பாருங்கள். செடி தந்தவர், அக்காவுக்கு லீவு தந்தவர் என்று சொல்லி, தோட்டத்துத் தொரையைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டோம். யாரும் கலந்து பேசி எடுத்த முடிவு அல்ல. தோட்டத்தில் கோயில் திருவிழாவோ, பாலர் பாடசாலை விழாவோ, தொரைக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தே எங்களுக்குப் பழக்கம். அழைப்பிதழை அடித்ததே நான்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. அக்காவின் லயத்திலிருந்து பெண்கள் ஒரு பஸ் பிடித்து வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். முன்னால் மாலையோடு தொரை. இளம் வயது, மரியாதையான மனிதர்.

அக்கா செடிக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு காம்பு ஒடிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. மழை வரவில்லை. பேட்டரியைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், சென்சரின் கூர்மையைக் கூட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒடித்த ஒவ்வொன்றும் தெளிவாக வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் பார்வை செடியில் இல்லை, முன்வரிசையில் இருந்தது. கை மட்டும் மெதுவாக, மிக மெதுவாகப் போய்வந்தது. பின்னாலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாயைப் பொத்தினார்கள். எனக்கு முன்பே அவர்களுக்கு விளங்கியிருந்தது.

முடிந்ததும் தொரை நேரே என் மேசைக்கு வந்தார்.

"நல்ல சாமான். விரல் அசையிறது எல்லாம் இதுல பதியுமா?"

அக்கா மேடை ஓரத்தில் நின்றார். விரல் துணியை அவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது.

"ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிக்குமா? மலையில, மழையிலயும் வேலை செய்யுமா?"

ஒரு நாள் தாராளமாக நிற்கும். மழைக்கும் ஒன்றும் ஆகாது. இந்தச் சென்சரைத் தேடிப் பிடிக்க நான் பட்ட பாட்டுக்கு, இப்படிக் கேட்கும் ஓர் ஆளைத்தான் இத்தனை வாரமும் எதிர்பார்த்திருந்தேன்.

"இல்லீங்க சேர்" என்றேன். "அரை மணித்தியாலம் தாங்காது. தண்ணி பட்டா செத்துரும். பாத்தீங்கதானே, இன்னைக்கே சரியா எடுக்கல. சும்மா நாடகத்துக்குத்தான் ஆகும்."

"அநியாயம்" என்றார். உண்மையாகவே வருந்தினார். கைகுலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பெண்களின் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் மேடைக்கு முன்னால் வந்து கூடினார்கள். "இப்பக் காட்டுடி" என்றாள் ஒருத்தி. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அக்கா சேலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு செடியில் கை வைத்தார். மழை கொட்டியது. நான் இதற்கு முன் கேட்காத மழை. ஒத்திகையில்கூட அவர் எங்களுக்கு முழுக் கையையும் காட்டியிருக்கவில்லை. லேப்டாப்பின் மூலையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.