பையில் இருந்த கோழி

ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் போகும் பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டைப்பை, மேலே துண்டு. அடிக்கடி துண்டை விலக்கி உள்ளே பார்ப்பார். உடனே என்னை முறைத்துவிட்டு மூடிக்கொள்வார். என்னவென்று கண்டக்டர் கேட்டதற்கு, "துணிங்க" என்றார். எனக்கும் சந்தேகம் வந்தது. ஒருமுறை துண்டு நழுவியதில் வெள்ளை இறகு தெரிந்தது.

"கோழியாக்கா?"

"செத்துப்போச்சு" என்றார் மெதுவாக.

முட்டையிடுவது நின்றுபோன பண்ணைக் கோழிகளைக் கறிக்கு ஏற்றிப் போன லாரியிலிருந்து விழுந்ததாம். கூண்டிலேயே கிடந்ததால் நடக்கக்கூடத் தெரியாதாம். இவர் வளர்த்த பிறகுதான் மண்ணைக் கிளறவே பழகியதாம்.

"நேத்து சாயங்காலம் நல்லா மேஞ்சுது. காலையில பாத்தா வெறச்சுக் கெடக்கு. பக்கத்து வூட்டுக்காரி எதையோ வச்சிட்டா."

"பண்ணைக் கோழிங்க திடீர்னு செத்துரும்னு சொல்வாங்களேக்கா."

"நீங்க அவளுக்கு ஒறவா?" பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இல்லக்கா. இத எங்க கொண்டு போறீங்க?"

"பொதைக்கத்தான். எங்க ஊர்ல பொதச்சா தோண்டி எடுத்துக் கொழம்பு வச்சிருவாங்க."

"எந்த எடத்துல பொதைப்பீங்க?"

துண்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். முந்திரிக்காட்டு ஓரமாக ஒரு நிறுத்தத்தில் இறங்கினார். எந்தப் பக்கம் போகிறார் என்று நான் பார்த்துவிடக் கூடாதென்று, பஸ் கிளம்பிய பிறகும் பையை அணைத்தபடி அங்கேயே நின்றார்.

அந்தக் கோழியை யாரும் தோண்டியிருக்கக் கூடாதே என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.