ஏஞ்சலின் அக்காவும் கழிவுநீர்த் தொட்டியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பால்பொருள் தொழிற்சாலை. அதன் கழிவுநீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர் ஏஞ்சலின் அக்கா. ஆரம்பாக்கத்தில் நாற்று நட்ட கை, பதினாலு வருஷமாக வால்வு திருப்புகிறது. அங்கே லேபில் வேலை பார்க்கும் பூமிகா நான். நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கிய திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள். பாலின் கொழுப்பையும் சர்க்கரையையும் தின்று பெருகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அக்கா அவற்றை உருண்டை, குச்சி, சுருள், நூல் என்று பிரித்து வைத்திருந்தார். நூல் பெருகினால் பாக்டீரியா திரண்ட சேறு அடியில் படியாது, தண்ணீர் தெளியாது. நானோ சாயம் ஏற்றி, ஊதா பிடித்தால் செல்சுவர் தடித்த வகை, இளஞ்சிவப்பு என்றால் மெல்லிய வகை என்று லத்தீன் பெயரோடு எடுத்துவிடுவேன். பேரெல்லாம் கிடக்கட்டும், நூல் வந்திருக்கிறதா, அதைச் சொல் என்பார் அக்கா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா இயந்திரத்தையும் கழுவிப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் தொட்டிக்குக் காற்று ஊதும் தன் இயந்திரத்துக்குச் சந்தனம் வைப்பதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த வருஷம் தரை பளபளக்க வேண்டுமென்று இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டித் தேய்த்தார். தொட்டிக்குப் போகும் வடிகாலை அடைக்க மறந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்தால் தொட்டி வெளுத்து நாறியது. பாக்டீரியாக்களின் செல்சுவரையும் சவ்வையும் பவுடரிலிருந்த குளோரின் சிதைத்திருந்தது. ஒன்றும் அசையவில்லை. மேனேஜர் பரசுராமன், துப்புரவு வேலை பார்க்கும் துலுக்காணத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் வாயைத் திறக்குமுன் அக்கா முன்னால் வந்தார்.

"அவர இன்னாத்துக்குத் திட்றீங்க? நான்தான் சார் ஊத்துனேன்."

வருகிற கழிவுநீரைத் தேக்கும் சேமிப்புத் தொட்டி ஐந்து நாளில் நிரம்பிவிடும், அதற்குள் தண்ணீர் தெளியாவிட்டால் உனக்கு வேலை இல்லை என்றார் மேனேஜர். எனக்கு அவர்மேல் வந்ததைவிட அக்காமேல்தான் கோபம் அதிகம். சும்மா இருந்திருக்கலாமே.

முதல் நாள் ஓயாமல் காற்றை ஊதிக் குளோரினை விரட்டினோம். மறுநாள் பக்கத்துத் தொழிற்சாலையில் பாக்டீரியா உயிரோடிருக்கும் சேறு ஒரு டேங்கர் வாங்கி ஊற்றி, வெல்லம் கரைத்துவிட்டார் அக்கா. மூன்றாம் நாள் ஒரு மாற்றமும் இல்லை. புது இடத்தில் பாக்டீரியா உடனே பெருகாது, பழகிக்கொண்ட பிறகுதான் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக மளமளவென்று ஏறும். பரீட்சையில் இதற்கு வரைபடமே போட்டவள் நான். அப்படியும் இன்னொரு மூட்டை வெல்லத்தைக் கொட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா வந்துகீதுங்க. கொஞ்சம் மூச்சு வுடட்டும்."

நாலாம் நாள் மதியம் நுரை பழுப்பானது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டில் குச்சிகள் கும்பல் கும்பலாகத் துடித்தன. நூல் இல்லை. ஐந்தாம் நாள் தொட்டியில் மொண்டு வைத்த ஜாடியில் சேறு படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரசுராமன் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போய் வேலையைப் பாரம்மா என்றார். அக்கா நகரவில்லை. வடிகால் பக்கத்தில் ஒரு போர்டு வைக்கணும் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டார் மேனேஜர்.

"உள்ள உசுரு கீது, பிளீச்சிங் ஊத்தாதீங்கன்னு எழுதுங்க சார். கீழ எம்பேரப் போடுங்க. ஊத்துனவளே சொன்னாத்தான் கேப்பாங்க."