ஆன்டெனா மேல் திருஷ்டிக் குண்டான்

ஏர்பேட்டில் எங்கள் மொட்டை மாடியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆன்டெனா நட்டபோது தெருவே சிரித்தது. காக்கா உட்காரவா என்று கேட்டார்கள். மாமாவுக்கோ மானப் பிரச்சினை. குவைத்திலிருந்து நைனா, அதாவது அப்பா, வரும் நாளில் எல்லாரையும் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

“ஏரோப்ளேன்ல டிரான்ஸ்பாண்டர்னு ஒரு பெட்டி கீது. ஏ மோடுல ரேடார் கேட்டா நம்பர் மட்டும் சொல்லும். சி மோடுல உயரத்த சொல்லும். இப்ப வர்றது கேக்காமலே, நான் இன்னார், இங்க கீறேன்னு கத்திக்கினே வரும். நம்ம ஆன்டெனா அத்த ஒட்டுக் கேக்குது,” என்றார். என்னைக் காட்டி, “இவள மாதிரி வாயாடி” என்று சேர்த்துக்கொண்டார்.

ஹைதராபாத்தில் நைனா மாறி ஏறிய விமானம் கடப்பாவைத் தாண்டித் திரையில் ஊர்ந்து வந்தது. தெரு வாயைப் பிளந்தது. “நல்லா சம்பாரிச்சிக்கினு ராஜாவாட்டம் வர்றாரு,” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவின் முகம் சுருங்கியது. எழுந்து போய்விட்டாள்.

சற்று நேரத்தில் விமானத்தைக் காணவில்லை! “ஐயோ, உழுந்துடுச்சா?” என்று யாரோ கேட்டார்கள். மாமா திரையை உற்றுப் பார்த்தார். மற்ற விமானங்களையும் காணவில்லை. அப்படியானால் கோளாறு நம்மிடம்தான் என்று மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஆன்டெனாவின் தலையில் அலுமினியக் குண்டான் ஒன்று கவிழ்ந்திருந்தது. கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, கட்டுகிற வீட்டில் திருஷ்டிக்குத் தொங்கவிடுவார்களே, அது மாதிரி. பக்கத்தில் அம்மா, விரலெல்லாம் சுண்ணாம்பு.

“இத்தினி கண்ணு அவரயே பாத்துக்கினு கீதே. நல்லபடியா எறங்க வாணாமா?” என்றாள்.

அலுமினியம் சிக்னலை மறைக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாமா குண்டானை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார். மூவரும் கீழே போய்ப் பார்த்தால் விமானம் ரேணிகுண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாப்பா ஆச்சு?” என்று தெரு கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல, நம்ம மிஷினு டப்பா மிஷினு.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயித்த நேரத்தில் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் இப்படி ஓர் அசடும் உண்டா என்று எனக்கு ஆத்திரம்.

நைனா வீட்டுக்கு வந்ததும் அம்மா பாயசம் கொண்டுவந்தாள். முதல் டம்ளரை மாமாவின் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷம் கழித்து வந்த மனுஷனை விட்டுவிட்டு இவருக்கு எதற்கு முதலில் என்று எனக்குப் பொறுக்கவே இல்லை.