கப்பலின் மேல் போட்ட பழி

தீவில் டாக்டராக இருப்பவனுக்குக் கப்பல் ஒரு பெரிய வசதி. வாந்தியா, தலைசுற்றலா, சோர்வா, "கப்பல்ல வந்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிக் கூட்டம் குறைந்துவிடும். போர்ட் பிளேயரில் பதினோரு வருடம் இப்படியே கேட்டுப் பழகி, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை கச்சால் தீவிலிருந்து கப்பல், தீவுப் பேச்சில் ஜஹாஜ், வந்திருந்தது. அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர், மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி என் அறைக்குள் வந்தார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பின்னாலேயே வளர்ந்த மகள், ஒரு பையில் பழைய ரிப்போர்ட்டுகளோடு. அந்த அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, இரண்டு வருடத்துக்கு முன் மெயின்லாண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போது இடுப்பு வலி என்று காட்ட வந்திருந்தார்கள். ஆனால் அவர் ஓயாமல் வாந்தி எடுத்தார். பெற்ற மகளை யாரோ என்பதுபோல் பார்த்துத் தண்ணீர் கேட்டார்.

"கடல் ரொம்ப ஆட்டமா?" என்றேன்.

"ஆமாங்க ஐயா, போட்டு உலுக்கிருச்சு," என்றார் கணவர்.

"அதான். கப்பல் தலைசுத்தல். ஊசி போடுறேன், ரெண்டு நாள்ல சரியாயிரும்."

மகள் விடவில்லை. "இல்லைங்க டாக்டர். ஜஹாஜ் ஏறுறதுக்கு நாலு நாள் முந்தியே இப்படித்தான். அப்பா வேலைக்குப் போயிருவாரு, அவருக்குத் தெரியாது. சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறாங்க, பேச்சும் சரியில்ல..."

"டாக்டரு சொல்லுறாரில்ல? வாய மூடு," என்று அப்பா அதட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

வெளியே பெரிய வரிசை. அந்தப் பையை நான் திறக்கவே இல்லை. ஊருக்குள்ளேயே பத்துபஸ்தியில் இருந்த உறவினர் வீட்டுக்கு அவர்களை அனுப்பிவிட்டேன்.

கப்பலில் தலைசுற்றியவர் தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார், சொம்பு சொம்பாகக் குடிக்கமாட்டார். இதுகூடவா எனக்குத் தெரியாது? புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். வாந்தி, தாகம், குழப்பம், கடைசியில் நினைவு தப்பும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேரத்தில் சலைன் ஏற்றி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இறங்கியும்விடும். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நான்.

மூன்றாம் நாள் அவரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் பரிசோதித்தேன். கால்சியம் எங்கேயோ ஏறிப் போயிருந்தது, சிறுநீரகமும் கெட்டிருந்தது. நான்கு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று கூட வேலை செய்யும் டாக்டர் தேற்றினார். சறுக்கியவன் நான், விழுந்தது அந்த அம்மா. குடும்பத்திடம் "நோய் முத்திருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஜங்லிகாட் மார்க்கெட்டில் அந்தக் கணவரைப் பார்த்தேன். நழுவிவிடத்தான் பார்த்தேன். அவரே தேடி வந்து கும்பிட்டார்.

"நான்தாங்க அவளக் கொன்னுட்டேன். நோயாளிய ஜஹாஜ்ல ஏத்தலாமா? இப்ப என் தங்கச்சியும் மாருல கட்டின்னு சொல்லுது. கப்பலே வேணாம், கச்சால்லயே இருன்னு சொல்லிட்டேன்."

டீக்கடை பெஞ்சில் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் பார்க்கத் தவறினேன், தங்கையை அடுத்த கப்பலிலேயே வரச் சொல்லுங்கள் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

அவர் டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப எம் மக சொன்னது சரிதானுங்களா?"

"சரிதான்."

"கருமாதி அன்னிக்கும் அது அதையேதான் சொல்லிச்சு. டாக்டரு மேலயே பழி போடுறியான்னு அத்தன பேரு முன்னாடி அறைஞ்சிட்டேன். அன்னையிலேருந்து எங்கூடப் பேசுறதில்லீங்க."