ஆரம்பாக்கத்தில் காணாமல் போன முளைகள்

இண்டர்மீடியட் படித்தபோது பௌதிகச் செய்முறை வகுப்பு என்றாலே எனக்குப் பயம். வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று முடிவு செய்வதற்குள் மணி அடித்துவிடும். எப்படியோ தேறி, சென்னையில் பொறியியல் படிக்கச் சேர்ந்தேன். அங்கே தியோடலைட் என்ற கோணமானியில் அதே வெர்னியர், இன்னும் பொடிக் கோடுகளோடு காத்திருந்தது.

முதல் வருடத்திலேயே நில அளவை முகாம். ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், ஆரம்பாக்கம் ஏரிக்கரையில் பத்து நாள் கூடாரம் போட்டோம். நான்கு பேர் கொண்ட குழு வயல்களைச் சுற்றி முளைக்குச்சி அடித்து, சங்கிலியால் தூரமும் தியோடலைட்டால் கோணமும் அளந்துகொண்டே போய், புறப்பட்ட முளைக்குத் திரும்ப வேண்டும். படமாக வரையும்போது கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முட்ட வேண்டும். முகாமில் தவறியவன் வருடம் முழுவதையும் மறுபடி படிக்கணும் என்று விரிவுரையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம்.

ஐந்தாம் நாள் காலை இரண்டு முளைகளைக் காணோம். குழுவில் இருந்த மாயவரத்துக்காரன், மிச்சக் கோணங்களைக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம் என்றான். மற்ற இருவரும் ஒப்பவில்லை. நான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம், இந்த ஊர்ப் பேச்சு தெரியும் என்று விசாரிக்க என்னை அனுப்பினார்கள்.

வரப்பில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் முளைகள், பக்கத்தில் கதிர் அரிவாள். நான் அருகே போனதும் முளைகளை முந்தானையால் மூடினாள். குச்சி அடித்த நிலத்தை கெவுருமெண்டு எடுத்துக்கொள்ளும் என்று அவள் மச்சாண்டார், புருஷனுக்கு அண்ணன், சொன்னாராம். புருஷன் இல்லை, இந்த ஒன்றரைக் காணிதான் இருக்கிறது என்றாள்.

"இது படிப்புக்குத்தான் யக்கா. எங்களுக்கு மார்க் போடுவாங்கோ. முடிஞ்சதும் நாங்களே புடுங்கிக்கினு பூடுவோம்" என்றேன்.

"படிப்புக்குன்னா என் கெணத்த எதுக்கு புக்குல எயுதிக்கினு போற?"

எழுதியிருந்தேன். கிணறு, இரண்டு பனை, வரப்பின் வளைவு எல்லாம் அளவுக் குறிப்பேட்டில் ஒரே தாளில் இருந்தன. நான் வரைவதை மூன்று நாளாகத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"சர்தான் நைனா, படிப்புதான்னு வச்சிக்கோ. படிச்சி முட்ச்சிட்டு இன்னா பண்ணுவ?"

அரசாங்க வேலைக்குப் போவேன், அங்கே இதையேதான் செய்வேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் முளைகளை முந்தானையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அரிவாளைப் பார்த்து நான் பயந்ததும் நிஜம். அந்தத் தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் நாலாய் எட்டாய்க் கிழித்து வாய்க்காலில் போட்டாள். முளைகளைத் திருப்பித் தரவில்லை.

கூடாரத்துக்குப் போகும் வழியெல்லாம் வியர்த்தது. குறிப்பேட்டில் தாள் கிழிந்திருந்தால் பூஜ்யம் என்பது விதி. விரிவுரையாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் குறிப்பேட்டை வாங்கி, கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நீ ஒருத்தன் பயந்ததுக்கு நாலு பேர் மறுபடி அளக்கணும். அஞ்சு நாள் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவள் வயலை விட்டு, ஏரிக்கரையைச் சுற்றிப் புதிதாக அளந்தோம். மாயவரத்துக்காரன் முகாம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. இதற்கிடையில் அடுத்த குழுவின் முளைகளும் மூன்று காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் கோடு தொடங்கிய புள்ளிக்கு ஒரு நெல் நீளம் தள்ளி வந்து நின்றது. மன்னிக்கக்கூடிய பிழைக்குள் அடங்கும் என்று விரிவுரையாளர் எழுதி, தேறுவதற்கு வேண்டிய மார்க்கை மட்டும் போட்டார்.

பத்தாம் நாள் கருவிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம். அவள் கிணற்றடியில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது மிச்சம் தங்கிவிட்டோமா என்று எண்ணுகிறாள் எனப் பட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.