நின்றால் மட்டும் வந்த சத்தம்

எங்கள் காரில் வந்த சத்தத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம். அப்பாவுக்கு அது ‘டொக் டொக்’. அம்மாவுக்கு ‘தடதட’. எனக்கோ, பக்கத்துத் தெரு மாவு மில்லில் பெல்ட்டின் ஒட்டு உருளைமேல் ஏறி இறங்கும்போது வரும் ‘டப்பு டப்பு’. ஒன்றில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வண்டி ஓடும்போது சத்தம் வராது, நின்றால்தான் வரும். அரியலூரில் நிற்காமல் கார் ஓட்ட முடியாது. ரயில்வே கேட்டில் நிற்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நின்றதும் எங்கள் கார் தன் வேலையைத் தொடங்கும். அக்கம்பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பழைய பெட்ரோல் கார், வெள்ளை நிறம். பெரம்பலூரில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் பார்த்து வாங்கியது. வாங்கிய கையோடு சிறுவாச்சூர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஊருக்குக் கொண்டு வந்தோம். ஓட்டி வந்தது அம்மா. பெரம்பலூரில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே டிரைவிங் ஸ்கூல் இருந்ததால், கார் வருவதற்கு முன்பே லைசென்ஸ் எடுத்திருந்தாள். சிமென்ட் ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்த அப்பா பிறகு கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்பது அவர் சொன்னது.

விக்கிரமங்கலம் தாண்டி தா.பழூர் பக்கம் அப்பாவின் சொந்த ஊர். அங்கே பெரியப்பா மகளின் கல்யாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காரை அந்த ஊருக்குள் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பந்தல் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். இதைப் பள்ளியிலும் தெருவிலும் சொல்லி முடித்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சத்தம் வந்தது.

அப்பா ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப் போனார். போய்ச் சேர்ந்தபோது வண்டி நல்ல சூட்டில் இருந்தது. அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“உள்ள கனெக்டிங் ராடு அடிக்குது சார். சூடானா ஆயில் தண்ணியாயிடும். அப்பத்தான் சத்தம் குடுக்கும். இன்ஜினை இறக்கணும். பெரிய செலவு.”

இறக்குவது என்றால் எனக்குத் தெரிந்தது அடுப்பிலிருந்து சோறு இறக்குவதும் பஸ்ஸிலிருந்து ஆள் இறக்குவதும்தான். இறக்கினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே, இதற்கு ஏன் எல்லாரும் துக்கம் விசாரிப்பதுபோல நிற்கிறார்கள் என்று யோசித்தேன். அப்பா மட்டும் துக்கமாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் முடிவைச் சொல்லிவிட்டார்.

“சனிக்கெழம புரோக்கர் வரான். குடுக்குறத குடுத்துட்டு ஓட்டிட்டுப் போவட்டும். கல்யாணத்துக்கு பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாம்.”

“அவரு காதுல கேட்டதுக்கு நம்ம காரை விக்கணுமா?”

“ஏ புள்ள, நீ எந்நேரமும் கிளட்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டுற. எந்த இன்ஜின் தாங்கும்?”

“கிளட்சுல கால வச்சா கிளட்சுதாங்க தேயும். இன்ஜினுக்கு என்ன வந்துச்சு?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மா கேள்வி கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஷிப்ட் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அம்மா வேலையிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தாள். இருவரும் பெரம்பலூர் சாலையில் போவோம். என் வேலை, டேஷ்போர்டில் காதை வைத்துக்கொண்டு சத்தம் தொடங்கினால் ‘வந்துருச்சு’ என்றும் அடங்கினால் ‘போயிருச்சு’ என்றும் கத்துவது. என் வாழ்நாளில் அதற்கு முன் எனக்கு இவ்வளவு முக்கியமான வேலை தரப்பட்டதில்லை. அவ்வளவு உற்சாகமாகக் கத்தினேன். ஒருநாள் நான் கத்திய கத்தலில், பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் தன்னைத்தான் ஏற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறோம் என்று ஓடி வந்தார்.

அம்மா விதவிதமாகச் சோதித்தாள். வேகமாகப் போனால் இல்லை. மேட்டில் ஏறினால் இல்லை. ராடு அடித்தால் மேட்டில் ஏறும்போது இன்னும் பலமாக அல்லவா அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வரும். வந்த சத்தம் சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிடும். மறுபடியும் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தாலும் சத்தத்தின் வேகம் கூடவில்லை. இன்ஜின் ஒரு தாளத்தில் போக, சத்தம் தன் போக்கில் போனது.

“என்ன பாப்பா இது? அடிக்கிற ராடு நடுவுல டீ குடிக்கவா போவும்?”

அந்தக் கேள்வியோடு சனிக்கிழமை விடிந்தது. புரோக்கர் வரும் நேரம். அம்மா கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று வண்டிக்குள் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வெளியே எதிர்வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பூனைபோல உறுமியது. இரவெல்லாம் நின்ற வண்டி, சூடாகவில்லை, ஆகவே சத்தமும் இல்லை. உள்ளே மட்டும் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது.

எங்கள் காரில் ஏசி உண்டு. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று, வாங்கிய வாரமே அந்தப் பொத்தான்மேல் அப்பா கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அதன் காற்றை அறிந்ததில்லை. நான் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா கவனித்தாள்.

“போற பொருளுக்கு என்ன மிச்சம் வேண்டிக் கெடக்கு?” என்று சொல்லி டேப்பை நகத்தால் உரித்து எறிந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

டொக் டொக் டொக் டொக்.

“வந்துருச்சு!” என்று கத்தினேன்.

அம்மா பொத்தானைத் திரும்ப அழுத்தினாள். சத்தம் தேய்ந்து நின்றது. “போயிருச்சு!” மறுபடி அழுத்தினாள். வந்தது. இறங்கி ஓடிப்போய் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தண்ணீர்க் குடம்போல ஜில்லென்று இருந்ததாம். ஆயில் சூடாகவே இல்லை. பின் எப்படித் தண்ணியாகும்? அம்மாவின் முகத்தில் பரவிய சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ஏசி போட்டா முன்னாடி என்னடி ஓடும்? ஃபேன் ஓடும். நின்னு சூடானாலும் ஃபேன் ஓடும். ரோட்டுல போனா காத்து அடிக்கும், ஃபேனுக்கு வேலை இல்ல. அப்ப இது இன்ஜினே இல்லடி!”

பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டரின் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூண்டின் அடியிலிருந்துதான் சத்தம் வந்தது. இன்ஜினை அணைத்து, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். “கைய வைக்காத, இது சாவி இல்லாமக்கூடச் சுத்தும்” என்று என்னை விலக்கிவிட்டு, சமையலறையிலிருந்து இடுக்கியை எடுத்து வந்தாள். விசிறி அசையாததை நன்றாகப் பார்த்துக்கொண்டு உள்ளே விட்டுத் துழாவினாள். ஏதோ பிடிபட்டது, நழுவியது, மறுபடி பிடிபட்டது.

வெளியே வந்தது ஓர் எலுமிச்சம்பழம். பழம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. காய்ந்து சுருங்கி, கொட்டைப்பாக்கு நிறத்தில், கல்லாகியிருந்தது. ஒரு பக்கம் விசிறி இலை அடித்து அடித்து மழமழவென்று ஆகியிருந்தது.

குளித்துவிட்டுத் துண்டோடு அப்பா வாசலுக்கு வந்ததும், புரோக்கர் பைக்கை ஸ்டாண்ட் போட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. அம்மா இடுக்கியை நீட்டினாள்.

“இந்தாங்க, உங்க கனெக்டிங் ராடு.”

அப்பா பழத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். சிறுவாச்சூரில் ஸ்டெப்னிக்கு என்று ஐந்தாவதாக ஒரு பழம் தந்தார்கள் என்றார். ஸ்டெப்னிக்கு எதற்கு வீணாக என்று, யாரும் பார்க்காதபோது இன்ஜின் பக்கத்தில் செருகி வைத்தாராம். அது காய்ந்து சுருங்கி இப்போதுதான் கூண்டுக்குள் விழுந்திருக்கிறது. “வண்டிக்கு உசுரு அங்கதான இருக்கு.”

புரோக்கர் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். “ஏண்ணே, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவாங்க? எலுமிச்சங்காய்க்குப் போயி காரை விக்கப் பாத்தீங்களே!”

“சிரிக்காதடா. ஏ புள்ள, அத கீழ போட்டுறாத. கால் படாத எடத்துல போடணும்” என்றார் அப்பா. கடைசியில் அவரே அதை ஒரு தாளில் மடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். புரோக்கருக்குக் காபி மட்டும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பட்டுப்புடவையில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பின்னால் நான். விக்கிரமங்கலம் தாண்டி, பிரிவுச் சாலையில் திரும்பினோம். அப்பாவின் ஊருக்குள் போக வழி ஒன்றுதான். முதலில் மாடி வீடுகள் உள்ள பெரிய தெரு. அது முடிந்து வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் ஆட்களின் தெரு. மொபெட்டில் என்னைக் கூட்டிப்போகும் நாட்களில், பெரிய தெரு தொடங்கும் இடத்தில் அப்பா இன்ஜினை அணைத்து இறங்கிவிடுவார். வாய்க்கால் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றும் தெருமுனை வந்ததும், “நிறுத்து புள்ள. நான் எறங்கி நடந்து வந்துடறேன், நீங்க முன்ன போங்க” என்றார்.

அம்மா நிறுத்தவில்லை. தெருவின் பாதிக்கு வந்த பிறகு, இரும்புக் கேட் போட்ட பெரிய வீட்டுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

“பந்தல்ல போயி சத்தம் வந்தா அசிங்கம். இங்கயே ஒருவாட்டி பாத்துருவோம். ஃபேன் ஓடட்டும்.”

“இங்கயா?” என்றார் அப்பா.

ஃபேன் உடனே ஓடவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கேட்டைத் திறந்துகொண்டு, கையில் பேப்பரோடு ஒரு பெரியவர் வெளியே வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்தார். அப்பா உட்கார்ந்தபடியே, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டார். அம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேன் ஓடியது. வழுவழுப்பான ஒரு காற்றுச் சத்தம், அவ்வளவுதான். ஓடி முடித்து அதுவே நின்றது.

“இல்லம்மா! ஒண்ணுமே இல்ல!” என்று கத்தினேன். அம்மா கியரைப் போடவில்லை. பெரியவர் அங்கேயே நின்றார், நாங்களும் நின்றோம். என் வேலையை நான் சரியாகச் செய்யவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது. முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி, சத்தம் போயிருச்சு, சத்தம் போயிருச்சு என்று இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.