ஏப்ரலில் மாறிய எழுத்து

மேற்கு லண்டனில் சாண்ட்விச் செய்து பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. அங்கே பெரும்பாலும் எங்கட சனம்தான். வரி ஏன் இவ்வளவு வெட்டியிருக்கு என்று கேட்டு மாதாமாதம் யாராவது படியேறி வருவார்கள். முதலில் ஒரு தொகைக்கு வரி இல்லை, அதற்கு மேல் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற அரசாங்கக் காப்புறுதிக்கு வெட்டுவது வேறு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது.

ஒரு ஏப்ரல் முடிவில் வந்தவர் குளிர் அறையில் வேலை செய்த ஒரு அண்ணை. அதிகம் பேசாத மனிதர். மனைவி கார்த்திகையில் புற்றுநோயில் போயிருந்தார். செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் இல்லை. அதே வேலை, அதே சம்பளம், கைக்கு வருவது மட்டும் இருபது பவுண்ஸ் மட்டில் குறைந்திருக்கிறதே என்றார்.

திரையில் பார்த்தேன். அவருடைய வரிக் குறியீட்டின் கடைசியில் இருந்த ‘எம்’ போய் ‘எல்’ வந்திருந்தது. உடனே விளங்கியது, அவருக்கும் சொன்னேன். வேலைக்குப் போகாத மனைவி, தனக்குரிய வரியில்லாத் தொகையில் ஒரு பங்கைக் கணவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அதன் அடையாளம்தான் அந்த எம். கொடுத்தவர் இறந்தால் அந்த வரி ஆண்டு முடியும்வரை விட்டுவைப்பார்கள். ஏப்ரலில் எடுத்துவிடுவார்கள்.

அவருக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வருகிற கடிதங்களை எல்லாம் அவதான் பார்க்கிறவ, என்னட்டைச் சொல்லேல்லை என்றார். எப்போதிருந்து என்று கேட்டார். சில வருஷமாக என்றேன். மேசைக்கு மேலால் குனிந்து திரையைப் பார்த்தார்.

“காசை வேணுமெண்டால் எடுக்கட்டும், தங்கச்சி. அந்த எழுத்தை மட்டும் விடேலாதோ?”

“ஏலாது அண்ணை. அது வரி அலுவலகத்திலயிருந்து வாறது. எங்கட கையில இல்லை.”

ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு கிடைத்த ஓவர்டைம் எல்லாவற்றையும் அவரே எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை உட்பட. வேலை செய்த மணிக்கணக்கு என் மேசைக்குத்தானே வரும். சூப்பர்வைசரிடம் சொன்னேன், கேட்டு வாங்குகிற மனுசனை நான் என்ன செய்ய என்றார். கன்டீனில் ஒருநாள் அண்ணையைப் பிடித்து, இவ்வளவு காசை என்ன செய்யப் போறீங்கள் என்று கேட்டேன்.

“காசுக்கில்லை. வீட்டை போக ஏலாமல் கிடக்கு” என்றார்.

ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

தை மாதம் குளிர் அறைக்குள்ளேயே விழுந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருமுன்னமே முடிந்துவிட்டது.

கடைசிச் சம்பளத்தையும் நான்தான் போட்டேன். ஒருவர் இறந்தபின் கொடுக்கும் சம்பளத்தில் வருமான வரி வெட்ட வேண்டும், நேஷனல் இன்சூரன்ஸ் வெட்டக்கூடாது. இறந்துவிட்டார் என்று கணினியில் பதிகிற இடம் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து முடித்தேன்.

சாமான்களை எடுக்க தெற்கு லண்டன் சட்டனிலிருந்து அவருடைய தம்பி வந்தார். சம்பள விபரத்தில் இருந்த ஓவர்டைமைப் பார்த்துவிட்டு, அண்ணைக்குக் கடன் ஏதும் இருந்ததோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, கன்டீனில் அவர் சொன்னதைச் சொன்னேன். தம்பி அந்தத் தாளை நாலாய் மடித்தார்.

“எப்ப போன் எடுத்தாலும் ஷிப்டில நிக்கிறன் எண்டுதான் சொல்லுவார். வேலையும் வீடுமாய்ச் சுகமாய் இருக்கிறார் எண்டு நினைச்சன்.”

லாக்கரில் கிடந்த தடித்த ஜாக்கெட்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பஸ் தரிப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுப் போனார்.